மேல்வீட்டுக்கு வந்த கிரீடம்

குலுக்கலில் இல்டாவின் பெயரை வாசித்தபோது சங்கக் கூடத்தில் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவள் சுல்மிராதான். உள்ளங்கை சிவந்துபோகிற அளவுக்குத் தட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எர்மீனியா அவள் காதருகே சாய்ந்து, "அதுவும் ஏழாம் வாரம். உன் நாத்தனாருக்கு அடிச்ச யோகத்தப் பாரு," என்றாள். சுல்மிரா சிரித்த முகத்தோடு தலையாட்டினாள்.

அமெரிக்காவில், ஃபால் ரிவரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அந்தக் குலுக்கலைவிடப் பெரிய விஷயம் வருஷத்தில் வேறொன்று கிடையாது. தூய ஆவி திருவிழா முடிகிற ஞாயிறு மாலை, அடுத்த வருஷத்துக்கான ஏழு வீடுகளைக் குலுக்கி எடுப்பார்கள். ஈஸ்டருக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு வீடாக, தூய ஆவியின் அடையாளமான வெள்ளிக் கிரீடம் போய்த் தங்கும். அந்த வாரம் அந்த வீட்டுக் கதவைச் சாத்துவதில்லை. சாயங்காலம் ஜெபமாலை, அது முடிந்ததும் ரொட்டி, சீஸ், காப்பி. தெரிந்தவர் தெரியாதவர் யார் வந்தாலும் உண்டு. ஏழாவது வீட்டுக்குத்தான் பெருமை அதிகம். அங்கிருந்துதான் திருவிழா ஞாயிறன்று கிரீடம் ஊர்வலமாகக் கோயிலுக்குப் புறப்படும்.

சுல்மிரா போர்த்துக்கலின் சாவோ மிகேல் தீவிலிருந்து கல்யாணமாகி வந்த வருஷமே பெயர் கொடுத்தாள். பிறகு ஒரு வருஷமும் விட்டதில்லை. யாரும் அவ்வளவாக ஆசைப்படாத முதல் வாரம்கூட அவளுக்கு விழவில்லை. ஆனால் கிரீடம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜெபமாலை சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள். கணீரென்ற குரல். தேவ இரகசியங்களும் மன்றாட்டு மாலையும் ஓரிடத்திலும் தடுக்காமல் வரும். அடுத்தவர் வீட்டில், அடுத்தவர் வைத்த பூக்களுக்கு முன்னால் முழங்காலில் நின்று சொல்லிவிட்டு வீடு திரும்புவாள். வந்ததும் தன் முன்னறையை ஒரு தடவை பார்ப்பாள். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டால் ஜன்னலுக்கு எதிரே பீடம் போட இடம் இருக்கிறது. அவர்களுடைய ஒரே மகன் டெக்ஸாசில் இருந்தான். கிறிஸ்துமசுக்குப் போன் செய்வான். அந்த முன்னறைக்கு விருந்தாளிகள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

இல்டா அவள் கணவன் அவெலினோவின் தங்கை. புருஷனை விட்டுவிட்டு வந்து, அப்பா வைத்துவிட்டுப் போன மூன்றடுக்கு மரவீட்டில் மேல்வீட்டில் இருந்தாள். நடுவீட்டில் அவெலினோவும் சுல்மிராவும். கீழ்வீட்டை மாலிஸ் என்ற கம்போடியப் பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். இல்டாவுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலை. நகத்தில் வாரத்துக்கு ஒரு நிறம். பூசைக்கு அவளைக் கிறிஸ்துமசிலும் ஈஸ்டரிலும்தான் பார்க்கலாம். குலுக்கலுக்கு அவள் பெயர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த யாரோ "நீயும் போட்டு வையேன்" என்றார்களாம். போட்டாளாம்.

அன்று காரில் திரும்பும்போது அவெலினோவுக்குப் பேச்சு நிற்கவில்லை.

"அப்பா இருந்திருந்தா இன்னிக்கு ஊரையே கூட்டியிருப்பார். நம்ம வீட்டுக்குக் கிரீடம் வருது."

"நம்ம வீட்டுக்கு இல்ல. மேல்வீட்டுக்கு," என்றாள் சுல்மிரா. "அத்தனை படி ஏறி வயசானவங்க வருவாங்களான்னுதான் யோசிக்கிறேன்."

பின் இருக்கையிலிருந்த இல்டா முன்னால் சாய்ந்து அவள் தோளைத் தொட்டாள். "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது அண்ணி. நீங்க இருக்கற தைரியம்தான். ஜெபமாலை நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன். வேற யாரு சொல்லப்போறா?"

அடுத்த வருஷம் ஈஸ்டர் தாண்டியதும் அவெலினோ மேல்வீட்டில் பீடம் கட்டத் தொடங்கினான். வேலைவிட்டு வந்ததும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவான். படிப்படியாக உயரும் பலகைகள், அவற்றைச் சுற்றி வெள்ளைக் காகிதப் பூக்கள், பூக்களுக்குள் சின்ன விளக்குகள். நடுவீட்டுச் சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சுல்மிரா அவனிடம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு ஒருநாள்கூட அவன் ஸ்பேனரைத் தேடியதில்லை.

ஒருநாள் அலமாரியைத் திறந்தபோது அவளுடைய பின்னல் விரிப்பைக் காணோம்.

"என் வெள்ளை விரிப்பு எங்க?"

"மேல கொண்டுபோயிட்டேன். பீடத்துக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு," என்றான் அவெலினோ.

"என்னைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? தூய ஆவிக்குத்தானே?"

அதை அவள் பின்னியதே தூய ஆவிக்காகத்தான். தன் வீட்டில் விரிப்பதற்காக.

கிரீடம் ஞாயிறன்று வந்தது. வெள்ளித் தட்டில் ஏந்தி இல்டா முன்னால் ஏற, ஆட்கள் பாட்டோடு பின்னால் ஏறினார்கள். மரப்படி முழுவதும் அதிர்ந்தது. சுல்மிரா தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உச்சியில் புறா உட்கார்ந்த கிரீடம் கைக்கெட்டுகிற தூரத்தில் அவளைக் கடந்து போனது. சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னால் வந்த எர்மீனியா மூச்சு வாங்க நின்று, "அம்மாடி, இன்னும் ஒரு மாடியா? சுல்மிரா, இந்தக் குடைய உன் வீட்ல வெச்சிடட்டுமா?" என்றாள். அவள் சரி என்றதும் எல்லோரும் வைத்தார்கள். சற்று நேரத்தில் அவள் கட்டில் நிறைய மழைக்கோட்டு. குளியலறையில் வரிசை. நடுவீடு மேல்வீட்டின் வெளித்திண்ணை மாதிரி ஆகிவிட்டது.

முதல் நாள் ஜெபமாலையை அவள்தான் சொன்னாள். எப்போதும்போலத் தடுக்காமல் சொன்னாள். மன்றாட்டு மாலை முடிந்ததும் பாட்டு, பாட்டு முடிந்ததும் காப்பி, அதுதான் முறை. ஆனால் இல்டா எழுந்து நின்றாள்.

"எனக்கு ஜெபம் சொல்லத் தெரியாது," என்றாள். "கிரீடம் வீட்ல இருக்கப்போ கேட்டது கிடைக்கும்னு அப்பா சொல்வார். அவங்கவங்களுக்கு என்ன வேணுமோ சொல்லிட்டுப் போங்களேன். சத்தமாவே சொல்லுங்க. எல்லாருமா சேர்ந்து கேட்டுப் பார்ப்போம்."

முதலில் ஜெர்வாசியோ பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் மனைவி முதியோர் காப்பகத்தில் இருப்பது ஊருக்கே தெரியும். அவராக அதைப் பற்றி வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"அவளுக்கு என்னை அடையாளம் தெரியல," என்றார். "தெரியலேன்னா பரவாயில்ல. பயப்படாம இருந்தாப் போதும். என்னைப் பார்த்து பயப்படுறா."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் அழுதார்கள். எர்மீனியாகூட மூக்கைச் சிந்தினாள். இத்தனை வருஷம் சுல்மிரா எத்தனை வீடுகளில் இவர்களுக்கு ஜெபமாலை சொல்லியிருக்கிறாள். ஒருவர்கூட அவள் முன்னால் இப்படி எழுந்து நின்றதில்லை.

மறுநாள் கூட்டம் கூடியது. ரொட்டிக்கடையில் ஒருவரையொருவர் "இல்டா வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பூசைக்கே வராத வாலிபர்கள் படியேறினார்கள். கீழ்வீட்டு மாலிஸ் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து, இதை எங்கே வைப்பது என்று கேட்டாள். இல்டா அதைக் கிரீடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள். இறங்கிப் போகிறவர்கள் சுல்மிராவிடம், "உங்க வீட்டுப் பொண்ணு எப்படிப் பேசுறா," என்று சொல்லிவிட்டுத் தங்கள் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இல்டா அவளைக் கூப்பிட வந்தபோது, சுல்மிரா கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தொண்டை கட்டிடுச்சு," என்றாள், குரலை இறக்கிக்கொண்டு.

"ஐயோ, அப்ப என்ன பண்றது?"

"யாராவது சொல்வாங்க. நீயே சொல்லேன்."

தான் போகாவிட்டால் ஜெபமாலை நொண்டும் என்று அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மேலே நாற்காலிகள் இழுபட்டன. இல்டாவின் குரல் தொடங்கியது. மெல்லிய, உறுதியில்லாத குரல். முதல் தேவ இரகசியம் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவதைத் தாண்டியதும் நின்றுவிட்டது. சுல்மிரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேலே ஜெர்வாசியோ பெரியவர் ஏதோ எடுத்துக் கொடுத்தார். இல்டா ஏதோ சொன்னாள். அவ்வளவுதான், வீடு முழுக்கச் சிரிப்பு. ஆண்களும் பெண்களுமாக, கூரைப் பலகையே நடுங்கும்படி சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் எல்லோரும் சேர்ந்து "அருள்நிறை மரியே" என்று தொடங்கினார்கள். அப்படி ஒரு சத்தத்தோடு அந்த ஜெபத்தை அவள் எங்கும் கேட்டதில்லை.

அவளால் தாங்க முடியாமல் போனது அந்தச் சிரிப்புத்தான்.

மறுநாள் காலை அவெலினோ வேலைக்குக் கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, சமையலறையிலிருந்து நகராட்சிக்குப் போன் செய்தாள். கட்டடங்களைப் பார்வையிடுகிற பிரிவோடு இணைக்கச் சொன்னாள். தொண்டை நன்றாகவே இருந்தது.

"மேல்மாடியில தினமும் கூட்டம் கூடுது. பின்பக்கப் படி ஆடுது. யாராவது விழுந்து வெச்சா யார் பொறுப்பு? பேரெல்லாம் எதுக்கு? பக்கத்துல இருக்கறவங்கன்னு வெச்சுக்கோங்க."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. படி ஆடியது. கூட்டம் கூடியது. தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொண்டு சூப்புக்கு முட்டைக்கோஸ் நறுக்கினாள்.

பிற்பகலே அதிகாரி வந்துவிட்டார். இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். மேல்வீட்டில் கிரீடத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினாராம். அன்று இல்டா வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தாள். அவரைப் பின்பக்கப் படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கைப்பிடிக் கட்டையை அவர் இலேசாக அசைத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. தீ கீ பிடிச்சா இறங்க இந்தப் படியும் வேணும். இதைச் சரி பண்ற வரைக்கும் மேல கூட்டம் கூடாது," என்றார். "நடுவீட்டுக்கு வர்ற படி உறுதியாத்தான் இருக்கு. நடுவீட்லயோ கீழ்வீட்லயோ வெச்சுக்கோங்க. அதுக்கு நான் குறுக்க நிக்கல."

இதைச் சுல்மிரா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவள் இப்படி ஒரு முடிவை எண்ணிப் போன் செய்யவில்லை. மேலே சிரிப்பு நின்றால் போதும் என்றுதான் செய்தாள். ஆனால் "நடுவீட்லயோ" என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முன்னறைக்கு ஓடினாள். அதிகாரி இறங்கிப் போவதற்குள் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டாள். ஜன்னல் திரையைக் கழற்றி வேறு மாட்டினாள். தரையைத் துடைத்தாள். கழுத்துத் துணியை அவிழ்ப்பதா வேண்டாமா என்று கண்ணாடி முன் நின்று யோசித்து, கட்டியபடியே விட்டாள்.

இல்டா மேலிருந்து இறங்கி வருகிற சத்தம் கேட்டது. மெதுவாக வந்தாள். நடுவீட்டு வாசலில் காலடி நின்றது. சுல்மிரா கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள். தட்டுவாள் என்று காத்திருந்தாள். காலடி மறுபடி நகர்ந்து, கீழே இறங்கியது. கீழ்வீட்டு மணி அடித்தது.

கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு அவள் படிக்கட்டின் விளிம்பில் வந்து நின்றாள்.

"மாலிஸ், ஒரு பெரிய உதவி. முடியாதுன்னா தாராளமா சொல்லிடு," என்று தொடங்கி இல்டா விஷயத்தைச் சொன்னாள். "ஞாயிறு வரைக்கும்தான். தினம் சாயங்காலம் ஜனம் வரும்."

"எங்க வீட்ல புத்தர் இருக்காரே. பரவாயில்லையா?" என்றாள் மாலிஸ்.

"அவருக்குப் பரவாயில்லன்னா எங்களுக்கும் பரவாயில்ல."

மாலிஸ் சிரித்தாள். "டிவிய எடுத்துட்டா இடம் வந்துடும். செருப்ப மட்டும் வாசல்ல விடச் சொல்லுங்க. ஆனா நடுவீடு பெருசாச்சே. உங்க அண்ணியக் கேக்கலையா?"

"அவங்களுக்கு உடம்பு சரியில்ல. பேசவே முடியல பாவம், கதவச் சாத்திட்டுப் படுத்திருக்காங்க. இந்த நேரத்துல ஊரையே கொண்டுபோய் அவங்க தலையில கட்ட முடியுமா?"

சுல்மிரா வாயைத் திறந்தாள். "இல்டா, என் வீட்ல வெச்சுக்க" என்ற சொற்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. ஆனால் அவற்றைச் சொன்னால் கணீரென்றுதான் சொல்ல வரும். தொண்டை கட்டிய பெண் படியில் நின்று ஒட்டுக்கேட்டதும் அதோடு தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் கிரீடம் இன்னொரு தடவை அவள் வாசலைக் கடந்து போனது, இந்தத் தடவை கீழ்நோக்கி. அவெலினோ பீடத்துப் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு போனான். அவளுடைய விரிப்பு அவன் கக்கத்தில் இருந்தது.

கீழ்வீட்டு வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்தன. எர்மீனியாவின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்ததாம். "தூய ஆவி என் ஓட்டையையும் பார்த்துட்டார்" என்று அவளே சொன்னாளாம். அதற்கொரு சிரிப்பு. முன்பு தலைக்கு மேலே கேட்டது இப்போது காலுக்குக் கீழே கேட்டது. ஒரு நாளும் பெயர் கொடுக்காத, ஞானஸ்நானமே வாங்காத ஒருத்தியின் வீட்டில் போய்க் கிரீடம் உட்கார்ந்திருக்கிறது. சுவரோரம் தள்ளிய சோபாவில், காலியான முன்னறையைப் பார்த்தபடி சுல்மிரா உட்கார்ந்திருந்தாள். இல்டாவின் மேல் இருந்தது போதாதென்று இப்போது மாலிஸின் மேலும் வயிறு எரிந்தது.

ஜெபமாலை முடிந்து அவெலினோ மேலே வந்தான். விளக்கைப் போட்டான். நகர்த்தி வைத்த சோபாவையும் புதுத் திரையையும் பார்த்தான்.

"போன் பண்ணது நீதானே," என்றான்.

அவள் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"காலைல பின்படியிலதான் நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தேன். நீ என்ன பேசுறன்னு எனக்குப் புரியறதுக்குள்ள வெச்சிட்ட."

"படி ஆடறது பொய்யா?"

"நிஜம். அது என் தப்பு. சரி பண்றேன் சரி பண்றேன்னு காலத்தக் கடத்திட்டேன். ஆனா நீ படிக்காகப் போன் பண்ணல."

"ஆமா. படிக்காகப் பண்ணல." தொண்டைக்கட்டு மறந்துபோய் அவள் குரல் உயர்ந்தது. "இந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்ச நாள்ல இருந்து பேர் குடுக்கறேன். எனக்கு விழணும்னு ஒரு தடவையாவது நீங்க வேண்டியிருக்கீங்களா?"

அவெலினோ நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"இல்ல. எனக்குத் தோணவே இல்ல."

அவன் பொய் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். மெய்யைச் சொல்லிவிட்டதால் சும்மா இருந்தாள். "இல்டாகிட்ட நான் எதுவும் சொல்லப்போறதில்ல," என்று சொல்லிவிட்டு அவன் படுக்கப் போனான்.

சனிக்கிழமை மாலிஸ் கதவைத் தட்டினாள். கையில் மூடி போட்ட ஒரு குவளை.

"இஞ்சியும் எலுமிச்சையும் தேனும் போட்டிருக்கேன் அக்கா. தொண்டைக்கு நல்லது. நாளைக்குக் கிரீடம் போயிடும். உங்க குரல் மாதிரி வராதுன்னு இல்டா சொல்லிட்டே இருக்காங்க. நான் இன்னும் சரியா கேக்கவே இல்ல."

"உனக்கு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டாள் சுல்மிரா. கேட்டது கொஞ்சம் கடுமையாகவே வந்துவிட்டது.

மாலிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்ல இத்தனை பேர் வந்து உட்காந்ததே இல்ல அக்கா," என்றாள். "ஞாயித்துக்கிழமைக்கப்புறம் எப்படி இருக்கப்போகுதோ."

தன் வாயிலிருந்து யாரிடமும் வராத சொல்லை இவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று இருந்தது சுல்மிராவுக்கு. அந்தக் கசாயத்தை மாலிஸ் பார்க்கக் குடித்தாள். காரம் உள்ளே இறங்கியது. நோயில்லாத தொண்டைக்கு மருந்து.

அன்று சாயங்காலம் போனாள். செருப்பை வாசலில் விட்டாள். சின்ன அறை. மூலையில் உயரமான தட்டில் புத்தர், முன்னால் ஊதுபத்தி. எதிர்ச்சுவரில் பீடம், அதில் அவளுடைய விரிப்பு. யாரோ கஞ்சி போட்டு இஸ்திரி செய்திருந்தார்கள். அவள் வைத்திருந்ததைவிட வெள்ளையாக இருந்தது. இல்டா ஓடிவந்து அவள் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனாள்.

சுல்மிரா ஜெபமாலை சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. எல்லோரும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. முடிந்ததும், "அதான் சுல்மிரா," என்று எர்மீனியா பெருமூச்சு விட்டாள். நல்ல வார்த்தைதான். ஆனாலும் இல்டா தடுமாறியபோது கிளம்பிய அந்தச் சத்தம் தனக்கு வராது என்று முழங்காலில் இருக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவரவர் வேண்டுதலைச் சொல்லும் முறை வந்தது. இல்டா அவளைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்," என்றாள் சுல்மிரா.

அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை, ஊர்வலத்துக்கு ஆட்கள் தெருவில் கூடிக்கொண்டிருந்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டில் கிரீடத்தின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டே இல்டா சொன்னாள்:

"அண்ணி, பூசையில சாமியார் யார் தலையில கிரீடம் வைக்கணும்னு நான்தான் சொல்லணுமாம். உங்க பேர சொல்லிட்டேன்."

சுல்மிராவுக்குச் சட்டென்று எதுவும் புரியவில்லை.

"எனக்கா?"

"வேற யாருக்கு? உண்மையில இது உங்களுக்கு விழுந்திருக்க வேண்டியது. எனக்குத் தெரியாதா?"

வேறெந்த நாளாக இருந்தாலும் அவள் அழுதிருப்பாள். இப்போது அழுகை வரவில்லை. மறுக்க ஒரு காரணம் தேடினாள். தலைசுற்றல், கால்வலி, ஏதாவது. ஒரு பொய்யின் மேல் இன்னொன்றை வைக்கத் தெம்பு இல்லை.

"நகராட்சிக்குப் போன் பண்ணது நான்தான், இல்டா."

இல்டாவின் விரல்கள் ரிப்பனில் நின்றன.

"தொண்டையும் கட்டல. எனக்கு ஒண்ணுமே இல்ல."

"எதுக்கு?"

"அவங்க சிரிச்சாங்க. உன் வீட்ல சிரிச்சாங்க. நான் சொல்றப்போ யாருமே சிரிச்சதில்ல."

சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. இல்டா ரிப்பனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நான் எப்படி அழுதேன்னு தெரியுமா அண்ணி? ஏதோ பாவம் பண்ணிட்டேன், அதான் தூய ஆவி என் வீட்ல இருக்கப் பிடிக்காம இறங்கிப் போறார்னு நினைச்சேன். புருஷன விட்டுட்டு வந்தவ வீடுன்னு நினைச்சேன்."

சுல்மிரா அதை எதிர்பார்க்கவில்லை. "பரவாயில்ல அண்ணி, விடுங்க" என்று அவள் சொல்வாள் என்றுதான் மனத்தின் ஒரு மூலை காத்திருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் கிரீடம் அதற்குப் பிறகும் தன் தலைக்கு வரலாம் என்றுகூட அந்த மூலை கணக்குப் போட்டிருந்தது.

இல்டா கிரீடத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டாள். "ஜெர்வாசியோ மாமாவக் கூப்பிட்டுக்கறேன்," என்றாள். வெளியே போய்விட்டாள்.

பூசை முடிவில் சாமியார் கிரீடத்தை உயர்த்தி, பெரியவரின் நரைத்த தலையில் வைத்தார். அது சற்றுப் பெரிதாக இருந்து காதுவரை இறங்கியது. பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் நின்றார். கோயிலே பெருமூச்சு விட்டது. சுல்மிரா கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்தாள். மனைவிக்கு அடையாளம் தெரியாமல்போன அந்தக் கிழவர் மேல்கூட அவளுக்குப் பொறாமை வந்தது. வந்ததைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

பிற்பகல் சங்கக் கூடத்தில் விருந்து. ரொட்டித் துண்டுகளின் மேல் புதினாவைப் போட்டு, மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றித் தட்டுத் தட்டாக ஊருக்கே கொடுத்தார்கள். சுல்மிரா ரொட்டி வைத்தாள். பக்கத்தில் நின்று இல்டா குழம்பு ஊற்றினாள். கடைசித் தட்டு போகிறவரை இருவரும் ஒரு சொல் பேசவில்லை.

கோடை முழுவதும் அப்படியே போயிற்று. அவெலினோ பின்படியைப் புதிதாகக் கட்டினான். மேலும் கீழும் போய்வரும்போது இல்டா சுல்மிராவின் கதவைப் பார்க்காமல் போனாள். எர்மீனியா என்னவென்று தூண்டித் தூண்டிக் கேட்டும் இருவரிடமும் பதில் கிடைக்கவில்லை. சுல்மிரா ஒன்று மட்டும் செய்தாள். வாரத்துக்கொரு நாள் மாலிஸைக் காப்பிக்குக் கூப்பிட்டாள். முன்னறையில் வைத்துத்தான் கொடுத்தாள்.

இலையுதிர் காலத்தில் கம்போடியர்கள் செத்துப்போன முன்னோர்களுக்குப் படைக்கிற நாள் வந்தது. மாலிஸ் மேல்வீட்டுக்கும் நடுவீட்டுக்கும் தனித்தனியாகப் போய் அழைத்தாள். பாயில் இடம் குறைவு. இருவரும் அடுத்தடுத்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. புத்தருக்கு முன்னால் சோறும் பழமும் வைத்து, மாலிஸின் கணவன் இறந்தவர்களின் பெயரைச் சொன்னான். பட்டியல் முடிவதாக இல்லை. அவர்கள் ஊரில் நடந்த படுகொலை எல்லோருக்கும் தெரியும்; யாரும் கேட்கவில்லை. பெயர் வாசிப்பு முடிந்ததும் மாலிஸ் இவர்கள் பக்கம் திரும்பி, "உங்க வீட்ல யாராவது?" என்றாள்.

இல்டா தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். சுல்மிராவும் அதே வேளையில் அதே பெயரைத்தான் சொன்னாள், மாமனாரின் பெயரை. இரு குரலும் ஒன்றாக விழுந்தன. இல்டா அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

எழுந்திருக்கும் நேரத்தில் சுல்மிராவுக்கு முழங்கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. பாயில் கையூன்றிப் பார்த்தாள், முடியவில்லை. இல்டா ஒரு கணம் நின்று பார்த்தாள்.

"கையக் குடுங்க அண்ணி," என்றாள்.

நான்கு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. சுல்மிரா கையைக் கொடுத்தாள். இல்டா இழுத்த இழுப்பில் கொஞ்சம் கோபம் பாக்கி இருந்தது. ஆனாலும் சுல்மிரா நிலையாக நிற்கிற வரை கையை விடவில்லை.

புறப்படும்போது மாலிஸ் வாழையிலையில் சுற்றி அவித்த அரிசிப் பலகாரத்தைக் கொடுத்தனுப்பினாள். இருவரும் படியேறினார்கள். நடுவீட்டு வாசலுக்கு வந்ததும் சுல்மிராவின் கண் தானாக இல்டாவின் கைக்குப் போயிற்று. இல்டாவிடம் இரண்டு பொட்டலம் இருந்தது. தன்னிடம் ஒன்று. ஏன் அப்படி என்று மனம் உடனே கேட்டது. அந்தக் கேள்வியைக் காதில் மட்டும் வாங்கிக்கொண்டு, அவள் கதவைத் திறந்தாள்.

"காப்பி போடறேன்," என்றாள். "வந்துட்டுப் போ."

இல்டா மேலே போகும் படியைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, சுவரோரம் கிடந்த சோபாவில் கையிலிருந்த பொட்டலங்களைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தாள்.